பத்தாவது விரல்

தானேயிலிருந்தும் டோம்பிவிலியிலிருந்தும் நாள்தோறும் மும்பைக் கோட்டைப் பகுதிக்கு வேலைக்குச் செல்லும் நம்மவர் பலரும் மஸ்ஜித் என்னும் ரயில் நிலையத்தைக் கடந்தே செல்கின்றனர். பெயரைக் கேட்டதும் அருகில் ஒரு பள்ளிவாசல் இருக்கும் என்று எண்ணிக்கொள்கிறோம். நானும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வாறே எண்ணியிருந்தேன். அப்பெயருக்குக் காரணமான கட்டடம் பள்ளிவாசல் அன்று, யூதர்களின் தொழுகைக் கூடம் என்று அப்பகுதியினர் கூறுகின்றனர். இதை எனக்குச் சொன்னவர் தானேயில் எங்கள் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் வசிக்கும் மூதாட்டி ஒருவர். அவரும் அவர் கணவரும் பெனே இஸ்ரவேலர் என்று வழங்கப்பெறும் கொங்கணத்து யூத வகுப்பைச் சேர்ந்தவர்கள். என் மகள் அவரை 'ஆஜி' என்று மராத்தி முறையில் அழைப்பாள். "எங்கள் திருமணம் நடந்த இடம் அது. ஒரு நாள் அழைத்துச் செல்கிறேன், வாருங்கள்" என்றார் அவர். சென்றோம்.

மஸ்ஜித் நிலையத்தில் இறங்கி, கைவண்டிகளுக்கும் மூட்டை சுமப்போருக்கும் இடையே புகுந்து நடந்தால் சாமுவேல் தெரு வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் அதிகாரியாக இருந்த சாமுவேல் எசெக்கியேல் திவேகர் என்பவரின் பெயர் அது. மைசூர்ப் போரில் திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டு உயிர் தப்பி வந்தவர் அவர். அந்த நன்றிக் கடனாக 1796-ஆம் ஆண்டில் ஒரு தொழுகைக் கூடத்தை எழுப்பினார். பின்னர் 1860-இல் அது இப்போதுள்ள இடத்துக்கு மாற்றப்பட்டு 'இரக்கத்தின் வாயில்' என்று பொருள்படும் எபிரேயப் பெயரைப் பெற்றது. கூடம் எழுந்துவிட்டது, உள்ளே வைப்பதற்குத் தோராச் சுருள்கள் வேண்டுமே. அவற்றைத் தேடித் திவேகர் கொச்சிக்குச் சென்றார். சென்ற இடத்திலேயே 1797-இல் காலமானார்.

உள்ளே நுழைந்ததும் நம் கண் பழக்கத்தினால் எதையோ தேடுகிறது. தேடியது கிடைப்பதில்லை. சிலை இல்லை, படம் இல்லை. மும்பைக்கு எருசலேம் மேற்கே இருப்பதால் மேற்குப் புறத்தில் ஒரு பேழை, அதன் முன் ஒரு திரை, கூடத்தின் நடுவே கைப்பிடிச் சுவர் சூழ்ந்த மேடை, அவ்வளவே. ஆனால் அந்தத் திரை விலகியபோது நான் கண்டது வேறு. மோசேயின் ஐந்து ஆகமங்களையும் கையால் எழுதிய தோல் சுருள், ஆளுயரத்தில் பாதியளவுள்ள உருண்டையான உறைக்குள் நிமிர்ந்து நிற்கிறது. அதற்குப் பட்டாடை உண்டு. தலையில் வெள்ளிக் குமிழ்கள் உண்டு. குமிழ்களில் சிறு மணிகள். வழிபாட்டின்போது அதனை எடுத்து வந்தால் எல்லோரும் எழுந்து நிற்பார்களாம். கடந்து செல்கையில் விரலால் தொட்டு அவ்விரலை முத்தமிடுவார்களாம். ஆண்டுக்கு ஒரு நாள், படித்து முடித்த சுருளை மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் திருநாளில், அதைத் தூக்கிக்கொண்டு ஆடுவார்களாம். சுருள் பழுதாகிப் படிக்க இயலாமற் போனால் எரிப்பதில்லை, எறிவதில்லை. இடுகாட்டில் அடக்கம் செய்கிறார்கள்.

"சுவாமி புறப்பாடுபோல் இருக்கிறதே" என்று என் மனைவி என் காதோடு சொன்னாள். ஆஜிக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் முகக் குறிப்பை உணர்ந்தவர்போல், "இது கடவுள் அன்று, கடவுளின் சொல். அவருக்கு உருவம் செய்யக் கூடாது என்பது கட்டளை. ஆனால் கைகள் சும்மா இருக்குமா?" என்றார்.

அவர் அடுத்துக் காட்டிய பொருள் ஒரு கை. வெள்ளியாலான ஒரு சாண் நீளக் கோல். அதன் நுனியில் சுட்டுவிரல் நீட்டிய சின்னஞ்சிறு கரம். எழுத்துகளின் மீது மனித விரல் படலாகாது என்பதற்காக, படிப்பவர் இந்த வெள்ளி விரலை வரிவரியாக நகர்த்திக்கொண்டு படிக்கிறார். ஒரு பக்கத்தில் யாரும் அமராத நாற்காலி ஒன்றும் இருந்தது. குழந்தைக்கு விருத்தசேதனம் செய்யும் நாளில் எலியா தீர்க்கதரிசி வந்து அமர்வதற்காக அது வெறுமையாக விடப்படுகிறது. கொங்கணத்து யூதர்களுக்கு எலியாவின்பால் தனிப் பற்று உண்டு. அவலும் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் பழங்களும் சேர்த்த 'மலிதா' என்னும் தட்டை அவர் பெயரால் வைத்துத்தான் நேர்த்திகளை முடிக்கின்றனர்.

பொம்மலாட்டக்காரன் என்ன செய்கிறான்? உயிரற்ற ஒரு பொருளைக் கையில் எடுத்து, அதற்கு உயிர் உண்டு என்று நம்மை ஒப்புக்கொள்ளச் செய்கிறான். உருவத்தை விலக்கிய இந்தச் சமயத்தில் பொம்மை இல்லை; ஆனால் அந்த ஆட்டம் இருக்கிறது. ஆடை உடுத்திய சுருளும், படிக்கும் விரலும், விருந்தினரை எதிர்நோக்கும் நாற்காலியும் அவ்வாட்டத்தின் பாத்திரங்களே என்று எனக்குத் தோன்றியது. ஆஜியிடம் இதைச் சொல்லவில்லை. அவர் மனம் எப்படி ஏற்குமோ என்ற தயக்கம்.

இந்த வகுப்பாரின் வரலாற்றை நினைத்தால் பொருள்களின் பெருமை இன்னும் விளங்கும். இவர்களுடைய முன்னோர் வந்த கப்பல் அலிபாகுக்கு அருகே நவ்காவ் கரையோரம் பாறையில் மோதி உடைந்தது என்றும், ஏழு ஆண்களும் ஏழு பெண்களுமே கரை சேர்ந்தனர் என்றும் மரபு கூறுகிறது. நூல்கள் கடலோடு போயின. நூலின்றி, குருவின்றி, தாய்மொழியும் மறந்து, பல நூற்றாண்டுகள் கொங்கணத்துச் சிற்றூர்களில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்தனர். சனிக்கிழமையில் மட்டும் செக்கு நிற்கும். அதனால் ஊரார் அவர்களைச் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை வாணியர், என்று அழைத்தனர். பின்னொரு காலத்தில் தாவீது ரஹாபி என்னும் யூதர் வந்து, இவர்கள் தம் இனத்தவரா என்று அறியப் பலவகை மீன்களைக் கொடுத்துச் சமைக்கச் சொன்னாராம். செதிலும் துடுப்பும் உள்ள மீன்களை மட்டும் பெண்கள் எடுத்துக்கொண்டு மற்றவற்றை ஒதுக்கிவிட்டார்களாம். வேதம் மறந்தவர்களின் கை மறக்கவில்லை.

பண்டிகைகளின் எபிரேயப் பெயர்கள்கூட அவர்களுக்கு மறந்து போயிருந்தன. அவற்றுக்கு வழங்கிய மராத்திப் பெயர்களை ஆஜி விரல் விட்டுச் சொன்னார். பாவ மன்னிப்புக்காகக் கதவடைத்து உண்ணாதிருக்கும் நாள் 'தார்பால்னிச்சா சண்', கதவு மூடும் பண்டிகை. பாயசம் வைக்கும் நாள் 'கீரிச்சா சண்'. புளித்த பொருள் எதுவும் வீட்டில் இருக்கக் கூடாத பஸ்கா என்னும் விடுதலைத் திருநாளோ 'அனாஷி தாக்காச்சா சண்': புளிக்காடிச் சாடியை மூடும் பண்டிகை. எகிப்தும் பார்வோனும் நினைவில் இல்லை. சாடியின் மூடி நினைவில் இருந்தது. 'மூடியை ஏன் மூடுகிறோம்?' என்று எத்தனை தலைமுறைக் குழந்தைகள் கேட்டிருப்பார்கள், பெரியவர்கள் என்ன விடை சொல்லியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தேன்.

பஸ்காவுக்கு ஒரு மாதம் முன்னே வருவது பூரிம். நம் ஹோலியை ஒட்டி வருவதால் அதை 'ஹோலிச்சா சண்' என்றே இவர்கள் வழங்கினர். பாரசீக மன்னனின் அமைச்சனான ஆமான் யூதர்களைப் பூண்டோடு அழிக்க எண்ணியதும், எஸ்தர் அரசி அவர்களைக் காத்ததும் அன்று படிக்கப்படும். ஆமானின் பெயர் வரும்போதெல்லாம் குழந்தைகள் காலால் உதைத்தும் கிலுகிலுப்பை ஆட்டியும் அப்பெயர் காதில் விழாதபடி செய்வார்கள். வேடமும் கூத்தும் அன்று எங்கும் உண்டு. பழங்காலத்தில் ஆமானின் உருவம் செய்து எரித்தும் வந்தனர். அது சிலுவையை எள்ளுவதாகும் என்று கருதி ரோமப் பேரரசு கி.பி. 408-இல் சட்டமியற்றித் தடுத்தது. வணங்குவதற்கு உருவம் கூடாது என்றவர்கள், எரிப்பதற்கு ஓர் உருவம் செய்துகொண்டதில் வியப்பென்ன?

இனி நான் சொல்ல விரும்பும் இரவுக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பங்குனி முழுநிலவு நாளில், மாலை நேரத்தில், ஆஜி எங்கள் வீட்டுக்கு வந்தார். "இன்றிரவு எங்களோடு உண்ண வாருங்கள். சிறுமியைக் கட்டாயம் அழைத்து வர வேண்டும்" என்றார். பஸ்கா விருந்தில் வீட்டின் இளையவரே கேள்வி கேட்டுத் தொடங்கிவைக்க வேண்டும். இந்த இரவு மற்ற இரவுகளினின்றும் ஏன் வேறுபட்டிருக்கிறது என்னும் பொருளில் நான்கு கேள்விகள். குழந்தை கேட்டால்தான் தந்தை கதை சொல்லலாம். அவர்களுடைய பேரப் பிள்ளைகள் இஸ்ரேலில் திமோனா நகரில் இருக்கின்றனர். வழக்கமாக வரும் உறவினர் குழந்தைகள் அவ்வாண்டு வர இயலவில்லை. 1951-இல் இந்தியாவில் யூதர் இருபத்தாறாயிரத்துக்கு மேல் இருந்தனர். இன்று ஐயாயிரத்துக்கும் குறைவு. 1879-இல் கட்டிய தொழுகைக் கூடம் உள்ள தானேயில்தான் இன்று அவர்கள் ஓரளவு தொகையாக வாழ்கின்றனர். இருந்தும் பல வீடுகளில் கிழவரும் கிழவியுமே எஞ்சியிருக்கின்றனர்.

"குழந்தை இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"மனைவி கேட்கலாம். மனைவியும் இல்லாமல் ஒருவன் தனியாக இருந்தால், தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். அப்படித்தான் பெரியோர் விதித்திருக்கிறார்கள். ஆனால் நான் கேட்டால் இவர் பாதியிலே தூங்கிவிடுகிறார்" என்றார் ஆஜி.

சென்றோம். படம் எடுக்கலாமா என்று கைப்பேசியை எடுத்தேன். திருநாளில் கூடாது என்றார் பெரியவர். ஆகவே என்னிடம் படம் ஏதும் இல்லை.

மேசையில் வெள்ளைத் துணி. ஒரு தட்டில் சுட்ட எலும்பு, முட்டை, கசப்புக் கீரை. ஒரு கிண்ணத்தில் உப்பு நீர்: அது அடிமைகளின் கண்ணீர். மற்றொன்றில் பேரீச்சம்பழப் பாகு: அது பார்வோனுக்குச் செங்கல் அறுத்தபோது மிதித்த சேறு. சேறு இத்தனை இனிப்பாக இருப்பானேன் என்று என் மகள் கேட்டாள். அதற்கு விடை புத்தகத்தில் இல்லை போலும், பெரியவர் சிரித்துக்கொண்டார். திராட்சை ரசத்துக்குப் பதிலாக, உலர்ந்த திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சர்பத்து. துணியில் மூடிய மூன்று புளிப்பில்லா அப்பங்கள்.

கேள்விகள் எபிரேயத்திலும் மராத்தியிலும் அச்சிட்ட நூலில் இருந்தன. இவர்கள் இந்நூலை மராத்தி மொழிபெயர்ப்புடன் 1846-லேயே பம்பாயில் பதிப்பித்துவிட்டனர். 1874-இல் பூனாவில் வெளிவந்த படப் பதிப்பில் சேலை உடுத்திய பெண்கள் அப்பம் இடுவதைக் காணலாம். என் மகளுக்கு அப்போது எட்டு வயது. மராத்திப் பகுதியை அவள் ஒரு தடுமாற்றமும் இன்றி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, நடிகையைப் போல் படித்தாள். பெரியவர் கண் கலங்கினார். நானும் கலங்கினேன், என் காரணம் வேறு. அன்று காலைதான், நம் சங்கத்து ஞாயிறு வகுப்புக்காக வாங்கிய தமிழ்ப் பாடநூலில் நான்கு வரியை அவள் எழுத்தெழுத்தாகக் கூட்டி, மூன்றாம் வரியில் அழுதிருந்தாள்.

கேள்விக்குப் பின் கூத்து. நடு அப்பத்தை இரண்டாக ஒடித்து, பெரிய பாதியை ஒரு துணியில் முடிந்து, மகளின் தோளில் மூட்டையாக ஏற்றினார் ஆஜி. இது பாக்தாதிலிருந்து மும்பைக்கு வந்த யூதர்களின் வழக்கம். பைகுல்லாவில் ஒரு தோழியின் வீட்டில் சிறு வயதில் பார்த்து விரும்பித் தம் வீட்டிலும் சேர்த்துக்கொண்டாராம். குழந்தை வெளியே சென்று கதவைத் தட்ட வேண்டும். எங்கிருந்து வருகிறாய் என்று உள்ளிருப்பவர் கேட்பார். எகிப்திலிருந்து என்று சொல்ல வேண்டும். எங்கே போகிறாய் என்றால், எருசலேமுக்கு. எல்லாம் சொல்லிக் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். கதவு தட்டப்பட்டது. "எங்கிருந்து வருகிறாய்?" என்று கம்பீரமாகக் கேட்டார் பெரியவர்.

"மூன்றாம் மாடியிலிருந்து" என்றாள் என் மகள்.

சிரிப்பு அடங்கச் சிறிது நேரமாயிற்று. மறுபடியும் கதவைச் சாத்தி, மறுபடியும் தட்டி, எகிப்திலிருந்தே வந்து சேர்ந்தாள்.

இத்தகைய கூத்துகள் யூதர் வாழும் நாடுதோறும் ஒவ்வொரு விதமாக உள்ளன. பாரசீகத்து யூதர்கள் வெங்காயத் தாளை எடுத்து ஒருவரையொருவர் அடித்து, அடிமை நாட்டுச் சவுக்கை நினைவுகூர்கின்றனர். மொரோக்கோ நாட்டவர் விருந்துத் தட்டைத் தூக்கி ஒவ்வொருவர் தலைக்கு மேலும் சுற்றுகின்றனர். எல்லாவற்றின் நோக்கமும் ஒன்றே: குழந்தை உறங்கிவிடக் கூடாது, உறங்காமல் ஏன் என்று கேட்க வேண்டும். ஒடித்த அப்பத்தின் பாதியை ஒளித்துவைத்துக் குழந்தையைத் தேடச் செய்வதும் இதற்காகவே. அந்தத் துண்டு கிடைத்து எல்லோரும் உண்டாலன்றி விருந்து நிறைவடையாது. ஆகவே குழந்தை பரிசு கேட்டுப் பேரம் பேசலாம். என் மகள் இருபது ரூபாய்க்கு இசைந்துவிட்டாள். வாணிகத்தில் அவள் எங்கள் குடும்பத்தையே ஒத்தவள்.

கடைசியில்தான் பொம்மைகள் வந்தன. இரவு பதினொரு மணி இருக்கும். ஆஜி ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்தார். உள்ளே விரலில் மாட்டிக்கொள்ளும் துணிப் பொம்மைகள். பேரப் பிள்ளைகள் தானேயில் இருந்த காலத்தில் வாங்கியவை. அவர்கள் பிரிந்த பின் டப்பா ஆண்டுக்கு ஒரு முறை திறக்கப்படுவதும் நின்றிருந்தது. விருந்தின் முடிவில் பாடும் ஒரு பாட்டுக்கு உரியவை அவை. தந்தை இரண்டு காசுக்கு வாங்கிய ஆட்டுக்குட்டி ஒன்று. அதைப் பூனை தின்கிறது. பூனையை நாய் கடிக்கிறது. நாயைத் தடி அடிக்கிறது. தடியை நெருப்பு எரிக்கிறது. நெருப்பை நீர் அணைக்கிறது. நீரைக் காளை குடிக்கிறது. காளையைக் கசாப்புக்காரன் அறுக்கிறான். அவனை மரண தூதன் கொள்கிறான். அத்தூதனைக் கடவுள் வீழ்த்துகிறார். ஒவ்வொரு சுற்றிலும் பின்னோக்கி ஆட்டுக்குட்டி வரை வந்து நிற்க வேண்டும். அரமேய மொழியில் அமைந்த இப்பாட்டு 1590-இல் பிராக் நகரில் அச்சான நூலில் முதலில் காணப்படுகிறது. 'ஹத் கத்யா', ஒரே ஓர் ஆட்டுக்குட்டி, என்பது இதன் பெயர்.

என் மகளின் பத்து விரல்களிலும் ஆஜி பொம்மைகளை மாட்டத் தொடங்கினார். இடக்கையின் சுண்டு விரலில் ஆட்டுக்குட்டி. பிறகு பூனை, நாய், தடி, நெருப்பு. வலக்கையில் நீர், காளை, கசாப்புக்காரன், மரண தூதன். டப்பா காலியாயிற்று. ஒரு விரல் மிஞ்சியது.

"இதற்கு எங்கே ஆஜி?" என்று விரலை நீட்டினாள்.

"அதற்குப் பொம்மை கிடையாது."

"தொலைந்துவிட்டதா?"

"இல்லையம்மா. அவருக்குச் செய்யவே மாட்டார்கள். அவர் முறை வரும்போது அந்த விரலை மட்டும் காட்டு, போதும்."

காட்டினாள். பாட்டு சுற்றிச் சுற்றி வந்து பத்தாவது இடத்தை அடையும்போது, உடுத்திய ஒன்பது பொம்மைகளுக்கும் பக்கத்தில் வெறும் விரல் ஒன்று எழுந்து நின்றது. மரண தூதன் அதற்கு முன் தலை கவிழ்ந்தான். சாமுவேல் தெருவில் நான் தயங்கிச் சொல்லாமல் விட்டதை எட்டு வயதுக் குழந்தையின் கை ஆடிக் காட்டிவிட்டது.

பிற்பாடு நூல்களைத் தேடிப் படித்தபோது, இந்தப் பாட்டின் பெயரையே தாங்கி ஒரு பொம்மலாட்ட அரங்கு இருந்ததை அறிந்தேன். போலந்து நாட்டின் நெசவாலை நகரமான லோட்ஸில், 1922-இல், மோய்ஷே பிராடர்சன் என்னும் கவிஞரும், ஓவியர் பிரவுனரும், இசையமைப்பாளர் ஹெனெக் கோனும் சேர்ந்து இத்திஷ் மொழியில் அதை நடத்தினர். மூன்று ஆண்டுகள் கழித்து நியூயார்க்கில் மற்றொன்று தோன்றியது. ஜூனி மாட், யோசல் கட்லர் என்ற இரு கேலிச் சித்திரக்காரர்கள் ஒரு நாடகத்துக்காகப் பொம்மைகள் செய்தனர்; நாடகத்தார் வேண்டாம் என்றுவிட்டனர். செய்த பொம்மைகளைச் சும்மா வைத்திருக்க மனமின்றி, குழந்தைகளின் சட்டை தைக்கும் தொழிற்சாலையாக இருந்த இடம் ஒன்றில் தாமே அரங்கு அமைத்து, இருவர் பெயரையும் ஒட்டி 'மோதிகட்' என்று பெயரிட்டனர். பூரிம் கதையை ஆடினர். பெரிய நாடகங்களைப் பகடி செய்தனர். 1929 முதல் ஐரோப்பாவிலும் பின்னர் ரஷ்யாவிலும் சுற்றினர். ஊர் விட்டு ஊர் வந்து தையற்கூடங்களில் உழைத்த மக்கள், தங்கள் பேச்சைப் பொம்மை பேசக் கேட்டுச் சிரித்தனர். 1933-இல் இருவரும் பிரிந்தனர். 1935-இல் கட்லர் கார் விபத்தில் இறந்தார். லோட்ஸ் ஓவியர் பிரவுனர் 1944-இல் ஆஷ்விட்ஸில் மாண்டார். பிராடர்சன் சோவியத் சிறை முகாமிலிருந்து 1955-இல் விடுதலையாகி, மறு ஆண்டே மறைந்தார். அந்தப் பார்வையாளர்களில் பெரும்பாலோர் என்ன ஆனார்கள் என்பதை உலகம் அறியும்.

இன்று பொம்மலாட்டம் யூதர்களிடையே மீண்டும் தழைத்திருக்கிறது. 1981-இல் எருசலேமின் பூங்கா ஒன்றில் பழைய ரயில் பெட்டியில் தொடங்கிய குழந்தைகள் அரங்கு 'ரயில் அரங்கு' என்றே புகழ் பெற்றுவிட்டது.

அன்றிரவு பதினொன்றரைக்கு ஆஜி பொம்மைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி டப்பாவில் வைத்தார். பாதியில் மகள் உறங்கிவிட்டதால் மீதியை நான் கழற்றிக் கொடுத்தேன். அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியிறங்கினோம். காலையில் படுக்கையை உதறும்போது ஆட்டுக்குட்டி கீழே விழுந்தது. சுண்டு விரல் மடங்கியிருந்ததால் நான் கவனிக்கவில்லை போலும். அதை எடுத்துக்கொண்டு ஐந்தாம் மாடிக்கு விரைந்தேன். ஆஜி கதவைத் திறந்தார். மேசையில் வெள்ளைத் துணி அப்படியே இருந்தது.

மன்னிப்புக் கேட்டு நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"அவளிடமே இருக்கட்டும். இரவு வரும்போது கொண்டு வந்தால் போதும்."

"இன்றிரவா? நேற்றே முடிந்துவிடவில்லையா?"

"இஸ்ரேலில் இருப்பவர்களுக்கு ஒரே இரவுதான். என் பேரன்மார் நேற்றோடு முடித்திருப்பார்கள். வெளியே இருப்பவர்கள் இரண்டு இரவு செய்ய வேண்டும்" என்றார் ஆஜி. "கேள்விகளை மறுபடியும் முதலிலிருந்து கேட்க வேண்டும். எட்டு மணிக்கு அனுப்பிவிடுங்கள்."